மருந்துப் பதிவு: தாளைப் பார்த்தால் போதுமா?

(பொது மண்டபம் ஒன்றில் நடைபெற்ற பயனீட்டாளர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடையாள அட்டை, வேலை நீக்கம், வீட்டுடைப்பு என்று பேசும் வழக்கறிஞருக்கு மருந்துப் பதிவில் என்ன வேலை என்று வாசலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிறோம். இருமல் மருந்துப் போத்தலை அப்படிப் பார்க்க முடியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம் சார்பில் யாரோ ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அதைக் கரண்டியில் ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். அந்த யாரோ ஒருவர் அரசாங்கம். பார்த்தேன் என்று அரசாங்கம் போட்ட கையெழுத்துதான் பதிவு எண். ஆகவே இது மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் உரிய விஷயமல்ல. குடிமக்களுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு வாக்குறுதி. வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்று கேட்பதுதான் என் தொழில்.

பெரிய மருந்து நிறுவனங்களின் அறிக்கைகளில் மலேசியா, இந்தோனேசியா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளுக்கு ஒரு பொதுப்பெயர் உண்டு. 'எழுந்து வரும் சந்தைகள்'. மக்கள் என்று பார்ப்பதற்கு முன்பே வாங்குவோர் என்று நம்மை எண்ணிவிடுகிறார்கள். இந்தச் சந்தைகளில் மருந்துப் பதிவுச் சட்டங்கள் கடந்த 25 ஆண்டுகளில் வேகமாக மாறியிருக்கின்றன. மாற்றங்களில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எல்லாவற்றையும் இன்று பேச நேரமில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாசலில் நிற்கும் காவலர் மருந்தைப் பார்க்கிறாரா, மருந்தோடு வந்த தாளைப் பார்க்கிறாரா? அவர் யாருக்காகக் காவல் நிற்கிறார்?

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1984இல் மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அந்த விதிகளின் 7ஆவது விதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யப்படாத மருந்தை எவரும் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வழங்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது. முதல் முறை மீறும் தனி நபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனமாக இருந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

பதிவு ஒரே நாளில் எல்லா மருந்துக்கும் வரவில்லை. 1985இல் டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்துகளில் தொடங்கி, 1988இல் கடையில் நேராக வாங்கும் மருந்துகளுக்கு வந்து, 1992இல் நாட்டு மருந்துகளையும் தொட்டது. பதிவை முடிவு செய்வது மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம். விண்ணப்பத்தை ஆராய்வது, தொழிற்சாலையைப் பார்ப்பது, மாதிரிகளைச் சோதிப்பது என்று அதற்குக் கையும் கண்ணுமாக இருப்பது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

சட்டத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. உலகத்தின் பல ஏழை நாடுகளைவிட நாம் நல்ல நிலையில்தான் இருக்கிறோம். தொழிற்சாலைச் சோதனையில் ஒரே தரத்தைக் கடைப்பிடிக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பில் 2002இலேயே சேர்ந்தோம். அண்டை நாடான சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தர வரிசையில் மிக உயர்ந்த படியை எட்டிய முதல் அமைப்பு என்று பெயர் பெற்றது. ஆனால் மருந்து எல்லை தாண்டிப் பயணம் செய்யும் பொருள். ஒரு நாட்டின் வாசலில் காவலர் தூங்கினால் அடுத்த நாட்டில் பிள்ளை சாகும். இதைக் கதையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தாளை நம்பியதால் போன உயிர்கள்

இருமல் மருந்தும் காய்ச்சல் மருந்தும் திரவமாக இருக்கக் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற இனிப்பான, கெட்டியான திரவங்களைச் சேர்க்கிறார்கள். மருந்துத் தரத்தில் இவை விலை அதிகம். பார்ப்பதற்கு இவற்றைப் போலவே இருக்கும், ருசியிலும் இனிக்கும் இன்னொரு பொருள் உண்டு. டைஎத்திலீன் கிளைக்கால். வண்டியின் பிரேக் எண்ணெய் போன்ற தொழிற்சாலைப் பொருள்களில் பயன்படுவது. விலை மலிவு. உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சிறு பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த அளவே போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தல்ல. 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்து 100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மருந்தை விற்குமுன் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1938இல் வந்ததே அந்தச் சாவுகளால்தான். ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நஞ்சு ஏழை நாடுகளின் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருக்கிறது.

2006இல் பனாமா. சீனாவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கிளிசரின் என்ற பெயரில் பீப்பாய்கள் புறப்பட்டன. பெய்ஜிங் வணிக நிறுவனம், பார்சிலோனா வணிக நிறுவனம், பனாமா இறக்குமதியாளர் என்று கைமாறின. கூடவே 99.5 விழுக்காடு தூய்மை என்று சான்றிதழும் பயணம் செய்தது. ஒவ்வொரு கையிலும் தாள் மாறியது, பெயர் மாறியது. பீப்பாயைத் திறந்து சோதித்தவர் யாருமில்லை. பனாமா அரசாங்கத்தின் சொந்த மருந்துக் கூடமே அதைச் சளி மருந்தில் கலந்து மக்களுக்குக் கொடுத்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 2007இல், சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் முன்னாள் தலைவர் செங் சியாவ்யூ, மருந்துகளைப் பதிவு செய்ய லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக மரண தண்டனைக்கு உள்ளானார். அதிகாரி போனார். தாளை நம்பும் பழக்கம் போகவில்லை.

2022இல் காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவில் மிகச் சிறிய நாடு. சுமார் 70 பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அக்டோபர் 5ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவில் தயாரான நான்கு மருந்துகளைப் பெயர் சொல்லி எச்சரித்தது. தயாரிப்பாளர் கையிலிருந்த மாதிரிகளில் நஞ்சு இல்லை என்றது இந்திய அரசு. உலகச் சுகாதார நிறுவனம் தன் முடிவில் நின்றது. நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டு வருவது இரண்டு விஷயங்கள். அந்த மருந்துகள் ஏற்றுமதிக்கு மட்டும் என்று உரிமம் பெற்றவை. வாங்கிய நாட்டிலோ அப்போது மருந்தைச் சோதிக்கச் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம்கூட இருக்கவில்லை. அனுப்பியவர் 'வாங்குபவர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிட்டார். வாங்கியவர் 'அனுப்பியவர் பார்த்திருப்பார்' என்று நம்பினார்.

அதே 2022இல் நமக்குப் பக்கத்திலேயே இந்தோனேசியா. 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள். இங்கே மருந்து உள்நாட்டுத் தயாரிப்பு. மூலப்பொருளைச் சோதிக்காமல், விற்றவர் கொடுத்த சான்றிதழை நம்பிக் கலந்தார்கள் என்பது அரசுத் தரப்பு வழக்கு. 2023இல் ஒரு நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்கும் வேறு சிலருக்கும் 2 ஆண்டுச் சிறை கிடைத்தது. பெற்றோர்கள் சேர்ந்து போட்ட கூட்டு வழக்கில் 2024இல் ஜகார்த்தா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு குடும்பத்துக்கு அதிகபட்சம் 60 மில்லியன் ருப்பியா. நம் பணத்தில் 20,000 ரிங்கிட்டுக்கும் குறைவு. அதையும் தனியார் நிறுவனங்கள்தான் கொடுக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் மீதும் சுகாதார அமைச்சின் மீதும் குற்றமில்லை என்றது நீதிமன்றம். வழக்கறிஞர் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது இந்தப் பகுதிதான். பதிவு எண் கொடுத்து, 'இது பாதுகாப்பானது' என்று மக்களை நம்ப வைத்தவருக்குப் பொறுப்பில்லை என்றால், பதிவு எண்ணுக்கு என்ன மதிப்பு?

கடைசியாக 2025. இது நம் முன்னோர் வந்த மண்ணோடு சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியைச் சோதித்தபோது நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடு. ஏறக்குறைய பாதிப் போத்தல் நஞ்சு. தொழிற்சாலையின் உரிமம் பறிக்கப்பட்டது, உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

இதில் வேதனையான செய்தி ஒன்று இருக்கிறது. காம்பியாவுக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல், இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் இருமல் மருந்து ஒவ்வொன்றும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்ட பிறகே கப்பலேற வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் உள்நாட்டில் விற்ற போத்தலுக்கு அந்தக் கட்டாயம் அப்போது வரவில்லை. மூலப்பொருளையும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் தயாரிப்பாளரே சோதிக்க வேண்டும் என்று பழைய சட்டம் இருந்தது. சோதித்தாரா என்று சோதிக்க ஆள் இல்லை. வெளிநாட்டுப் பெயர் கெட்டால் விதி வருகிறது. சொந்த ஊர் ஏழைப் பிள்ளைக்கு அந்த விதி வருவதில்லை. இருமல் மருந்து வாங்கக் கடன் வாங்கிய குடும்பங்கள் யாரிடம் போய் நிற்கும்?

பிறர் பார்த்தால் நாம் பார்த்ததாகுமா?

இப்போது வளரும் நாடுகளில் பரவி வரும் போக்குக்கு வருகிறேன். 'சார்ந்து முடிவெடுத்தல்' என்று அதைச் சொல்லலாம். ஒரு புதிய மருந்தை அமெரிக்காவோ ஐரோப்பாவோ ஏற்கெனவே ஆராய்ந்து பதிவு செய்திருந்தால், நாம் மறுபடியும் முதலிலிருந்து ஆராய வேண்டாம், அவர்களுடைய அறிக்கையை வைத்துச் சீக்கிரம் முடிவெடுக்கலாம் என்பது. சிங்கப்பூரில் இது பல ஆண்டுகளாக இருக்கிறது. நம் நாட்டிலும் 2019இல் இப்படி ஒரு விரைவு வழி திறக்கப்பட்டது. ஆசியான் நாடுகள் எல்லாம் விண்ணப்பத்துக்கு ஒரே மாதிரியான ஆவணத் தொகுப்பை ஏற்றுக்கொண்டன. ஆப்பிரிக்காவில் கண்டம் முழுமைக்கும் ஓர் ஆப்பிரிக்க மருந்து முகாமை அமைக்கும் ஒப்பந்தம் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நான் இதை எதிர்க்கவில்லை. உலகத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டு நாடுகளின் மருந்துக் கட்டுப்பாடு பலவீனமாக இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த நாடுகளில் புற்றுநோய் மருந்தை ஆராய நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள்? நோயாளி காத்திருக்க முடியுமா? பிறர் செய்த நல்ல வேலையைப் பயன்படுத்துவது அறிவுடைமைதான். அதில் மிச்சமாகும் ஆளையும் பணத்தையும் கொண்டு வேறு வேலை செய்யலாம். தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். கடையில் விற்கும் போத்தல்களை எடுத்துச் சோதிக்கலாம்.

ஆனால் கவனியுங்கள். சார்ந்திருப்பது புதிய மருந்தின் ஆய்வுக்குப் பொருந்தும். 'இந்த மாத்திரை நோயைத் தீர்க்குமா?' என்ற கேள்விக்கு வாஷிங்டனில் கிடைத்த பதில் ஈப்போவுக்கும் பொருந்தலாம். 'இந்தக் கடையில், இந்தத் தொகுதியில், இந்தப் போத்தலில் என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு வாஷிங்டன் பதில் சொல்ல முடியாது. ஏழைகளைக் கொன்றது இரண்டாவது கேள்வியைக் கேட்காததுதான். வளரும் நாடுகளில் விற்கும் மருந்துப் பொருள்களில் பத்தில் ஒன்று தரம் குறைந்தது அல்லது போலி என்று 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அவற்றில் பல, பதிவு எண் உள்ள பெட்டியிலேயே இருந்தவை.

இன்னொன்றும் இருக்கிறது. சார்ந்திருப்பது நாமாக எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். 2025 ஜூலையில் அமெரிக்காவும் இந்தோனேசியாவும் வெளியிட்ட வணிகக் கூட்டறிக்கையில், அமெரிக்க மருந்து அமைப்பின் சான்றிதழ்களையும் அது ஏற்கெனவே கொடுத்த விற்பனை அனுமதிகளையும் இந்தோனேசியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதப்பட்டது. மருந்தின் பாதுகாப்பைப் பற்றிய முடிவு, இறக்குமதி வரியைக் குறைக்க நடக்கும் பேரத்தின் ஒரு வரியாக மாறுகிறது. இது நாளை எந்த நாட்டுக்கும் வரலாம். காவலர் பக்கத்து வீட்டுக் காவலரிடம் ஆலோசனை கேட்கலாம், தவறில்லை. வாசல் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது.

வாசலில் இன்னொரு வேலி

இரண்டாவது கேள்வி, காவல் யாருக்காக என்பது. இது சற்றுச் சட்டம் சார்ந்தது, பொறுமையாகக் கேளுங்கள்.

காப்புரிமை என்றால் உங்களுக்குத் தெரியும். மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டு தனியுரிமை. நிலத்துக்குக் கிராந்து மாதிரி. அதற்குத் தனிச் சட்டம், தனி அலுவலகம், தனி நீதிமன்ற வழி இருக்கிறது. மருந்துப் பதிவு அதுவல்ல. மருந்து பாதுகாப்பானதா, தரமானதா, வேலை செய்யுமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஆனால் பணக்கார நாடுகளின் வணிக ஒப்பந்தங்கள் வழியாகப் பதிவு அலுவலகத்தின் வாசலிலும் தனியுரிமைக்கு வேலி போடுகிறார்கள்.

முதல் வேலி, ஆய்வுத் தரவுக்குத் தனியுரிமை. மலிவு விலை மருந்தைத் தயாரிப்பவர், பெரிய நிறுவனம் முன்பே நோயாளிகளிடம் செய்த ஆய்வை மறுபடி செய்வதில்லை. மருந்து அதே மருந்துதான், உடம்பில் அதே மாதிரி சேர்கிறது என்று காட்டினால் போதும். தரவுக்குத் தனியுரிமை வந்தால், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை பதிவு அதிகாரி அந்தப் பழைய ஆய்வைச் சார்ந்து மலிவு மருந்துக்குப் பதிவு கொடுக்கக் கூடாது. கிராந்து இல்லாத நிலத்துக்கும் வேலி நிற்கும். மலேசியாவில் இது 2011இல் வந்தது. புதிய மருந்துக்கு 5 ஆண்டு வரை, பழைய மருந்தின் புதிய பயனுக்கு 3 ஆண்டு வரை. கட்டாய உரிமம் கொடுக்கும்போதும் பொதுச் சுகாதாரத்துக்குத் தேவைப்படும்போதும் இந்த வேலி நிற்காது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரிக்காகப் போராடியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த வரியின் மதிப்பைப் பாருங்கள். ஹெப்பாடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு சோஃபோஸ்புவிர் என்ற மருந்து 2013இல் அமெரிக்காவில் வந்தபோது 12 வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 அமெரிக்க டாலர். நம் நாட்டில் பல இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. 2017 செப்டம்பரில், டத்தோ ஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம் சுகாதார அமைச்சராக இருந்தபோது, காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே அரசாங்கப் பயன்பாட்டுக்கு மலிவு மருந்தைக் கொண்டுவர அரசு முடிவு செய்தது. ஹெப்பாடைட்டிஸ் சி மருந்துக்கு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய முதல் நாடு மலேசியாதான். அதற்கு முன்பே 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கு இதைச் செய்திருக்கிறோம். அப்போது இந்தியாவின் சிப்ளா நிறுவனத்திடமிருந்து மருந்து வந்தது. அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று மருந்து வாங்கும் எவரும் இந்த இரண்டு ஆண்டுகளையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது வேலி, பதிவையும் காப்புரிமையையும் முடிச்சுப் போடுவது. யாருக்காவது காப்புரிமை இருக்கிறது என்று தெரிந்தால் பதிவு அதிகாரியே மலிவு மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது. இந்தியாவில் பேயர் நிறுவனம் இதைத்தான் கேட்டது. புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்தைச் சிப்ளா பதிவு செய்யக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2009இல் நீதிமன்றம் மறுத்தது. 2010இல் மேல் அமர்வும் மறுத்தது. மருந்து அதிகாரியின் வேலை வேறு, காப்புரிமை வழக்கு வேறு, அது வேண்டுமென்றால் உரிய நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்பது அதன் சாரம். பிறகு 2012இல் அதே மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுக்கப்பட்டது. மாதத்துக்கு 280,000 ரூபாயாக இருந்த விலைக்கு எதிரே 8,800 ரூபாய் என்று வரம்பு வந்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்? பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தம் 2022 நவம்பர் 29இல் மலேசியாவுக்கு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா விலகிய பிறகு அதில் தரவுத் தனியுரிமை போன்ற சில விதிகளை நிறுத்தி வைத்தார்கள். இந்த முடிச்சு விதி நிறுத்தப்படவில்லை. அதற்கு நமக்குச் சில ஆண்டுகள் அவகாசம் கிடைத்தது. விதியைப் படித்தால் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, காப்புரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் நீதிமன்றம் போக நேரமும் வழியும் தருவது. மற்றொன்று, பதிவு அதிகாரியே பதிவை நிறுத்துவது. இரண்டுமே ஒப்பந்தப்படி சரி. முதல் வழியில் நீதிபதி முடிவு செய்கிறார். இரண்டாவது வழியில், மருந்தைச் சோதிக்க வேண்டிய அதிகாரி தனியார் சொத்துக்குக் காவலாளி ஆகிறார், சம்பளம் நம் வரிப்பணம். நம் நாடு முதல் வழியில் நிற்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் சொல்லியாக வேண்டும்.

நம் வீட்டுக்குள் வரும் மருந்து

இதெல்லாம் பெரிய இடத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். ஓர் எளிய வழக்கைச் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். துப்புரவு வேலை. முட்டி வலி. இரவுச் சந்தையில் ஒருவர் 'முழுக்க மூலிகை' என்று சொல்லி விற்ற மாத்திரையைப் பல மாதம் சாப்பிட்டிருக்கிறார். வலி பறந்தது. முகம் வீங்கியது, சர்க்கரை ஏறியது. மருத்துவமனையில் மாத்திரைக்குள் ஸ்டீராய்டு இருப்பதாகச் சந்தேகப்பட்டார்கள். இழப்பீடு கேட்க முடியுமா என்று கேட்டார். பெட்டி இல்லை. பதிவு எண் இல்லை. தொகுதி எண் இல்லை. இரசீது இல்லை. விற்றவருக்கு முகவரி இல்லை. சட்டம் அவர் பக்கம் இருந்தது, ஆனால் சட்டத்தின் கையில் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். பதிவு எண் உங்கள் சாட்சி. எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்து, பிறகு எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. 'ஏ' என்றால் கட்டுப்பாட்டு நச்சுப் பட்டியலில் உள்ள மருந்து. 'எக்ஸ்' என்றால் அந்தப் பட்டியலில் இல்லாத மருந்து. 'டி' என்றால் நாட்டு மருந்து. 'என்' என்றால் சத்துப் பொருள். ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பொருளின் பெயரும் பதிவு பெற்றவரின் பெயரும் வரும். பெட்டியில் இருக்கும் பெயர் வேறு, திரையில் வரும் பெயர் வேறு என்றால் அந்த மருந்தைத் தொடாதீர்கள். திருட்டு எண் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

சித்தம், ஆயுர்வேதம் நம் முன்னோர் சொத்து. அதை யாரும் இழிவாகப் பேச நான் விடமாட்டேன். 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் ஒரு துறையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பாரம்பரியம் என்ற சொல்லைச் சோதனையிலிருந்து தப்பிக்கும் குறுக்கு வழியாக்கக் கூடாது. ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவற்றுக்கு வரம்பு வைத்திருப்பது நம் மருந்தை அவமதிக்க அல்ல. பாதரச வரம்பு மில்லியனில் 0.5 பங்கு, ஈய வரம்பு 10 பங்கு. ஒழுங்காகச் செய்யும் மருந்துக்காரர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டு மருந்துக்குக் கொடுக்கும் 'டி' எண், அது பாதுகாப்பானது, தரமானது என்று பார்த்ததற்கு. நோயைத் தீர்க்கும் என்ற உத்தரவாதம் அல்ல. சர்க்கரை நோய், புற்றுநோய், சிறுநீரக நோய், இருதய நோய் உட்பட 20 நோய்களைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி குற்றம். உங்கள் கைப்பேசிக்கு வரும் 'சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு' விளம்பரங்களை இனி அந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டவருக்குத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. மாத்திரையோடு உடனே டாக்டரிடம் போங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, கடையில் விற்கும் மருந்துகளை எடுத்துச் சோதித்த முடிவுகளை, தேறியவை தேறாதவை என்று தொகுதி எண்ணோடு மக்கள் பார்க்கும்படி முறையாக வெளியிட வேண்டும். குறிப்பாகச் சிறுவர்களுக்கான திரவ மருந்துகள்.

இரண்டு, மருந்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பும் எச்சரிக்கையும் தமிழிலும் சீனத்திலும் வர வேண்டும். மருந்துச் சீட்டில் மலாய் அல்லது ஆங்கிலம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். தோட்டத்திலிருந்து வந்த நம் பாட்டிக்கு அது போதாது. படிக்கத் தெரியாத மொழியில் எச்சரிப்பது எச்சரிக்காததற்குச் சமம்.

மூன்று, மருந்துப் பதிவைத் தொடும் எந்த வணிக ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் அதன் வாசகம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும்.

நான்கு, காப்புரிமைக்குக் காவல் நிற்பது பதிவு அதிகாரியின் வேலையல்ல என்று நம் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஐந்து, கட்டுப்பாட்டு அமைப்பு தன் கடமையில் தவறியதால் உயிர் போனால், குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கச் சட்ட வழி வேண்டும். ஜகார்த்தாவில் அந்தப் பெற்றோர் பட்ட பாட்டை நம் பெற்றோர் படக் கூடாது.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. மருந்து வாங்கினால் பெட்டியையும் இரசீதையும் வைத்திருங்கள். பக்க விளைவு வந்தால் ஒழுங்குமுறை நிறுவனத்துக்குப் பயனீட்டாளரே நேராகத் தெரிவிக்கலாம், அதற்கென்று படிவம் இருக்கிறது. நிரப்பத் தெரியாதவர்களுக்கு உங்கள் குடியிருப்பில் படித்த பிள்ளை ஒருவர் உதவட்டும். சிந்த்வாராவில் முதல் பிள்ளை இறந்ததற்கும் மருந்து நிறுத்தப்பட்டதற்கும் இடையே பல வாரங்கள் ஓடின. அந்த இடைவெளியைக் குறைப்பது சீக்கிரமாக வரும் ஒரு புகார்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு போத்தலிலும் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை எடுத்துத் தனியே வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து புகார் எழுதுவோம்.